பாலக்கரை தைரியராஜ் தோற்ற நாள்

பாலக்கரை தைரியராஜ் பயில்வானுக்குக் கழுத்து என்று தனியாக ஒன்று கிடையாது. தோளிலிருந்தே தலை தொடங்கிவிடும். காது இரண்டும் குஸ்தியில் நசுங்கி நசுங்கி, பொரித்த அப்பளம் மாதிரி சுருண்டிருந்தன. ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவரை ஒரு குஸ்தி கம்பெனிக்காரர் பார்த்து அழைத்துப் போனார். அப்புறம் கொழும்பு, பினாங்கு, ரங்கூன் என்று கூடாரம் போன இடமெல்லாம் அவரும் போனார்.

மனைவி வியாகுலம்மாள் மட்டும் ஒரு குஸ்தியைக்கூடப் பார்த்ததில்லை. கல்யாணமான புதிதிலேயே சொல்லிவிட்டாள். "நீங்க அடிபடறதைப் பார்க்க என்னால ஆகாதுங்க. வீட்டுக்கு வாங்க, எண்ணெய் தேச்சு விடறேன்."

நோட்டீஸில் தைரியராஜுக்கு ஒரே ஒரு பரம வைரி உண்டு: ஆம்பூர் கமருதீன் பயில்வான். இந்த இருவரும் மோதினால் கூடாரம் நிரம்பி வழியும். உண்மையில், ரங்கூனில் தைரியராஜுக்கு அம்மை போட்டபோது பக்கத்திலேயே படுத்துக் கஞ்சி ஊட்டியவர் இந்தக் கமருதீன்தான்.

1937 மார்கழியில், வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தை நம்பி ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் பக்கம் கூடாரம் அடித்தார்கள். கமருதீன் தன் மனைவி ரோஷன் பேகத்தோடு பாலக்கரை வீட்டுக்கே வந்து தங்கினார். சோறு பரிமாறும்போது வியாகுலம்மாள் கவனித்தாள். அவர் கை இலையைத் தடவித் தடவித்தான் சோற்றைத் தொட்டது.

அடுப்படியில் ரோஷன் பேகம் சொல்லிவிட்டாள். "ஆறு மாசமா கண்ணு சுத்தமா தெரியலக்கா. புத்தூர் கண் டாக்டரும் பார்த்துட்டு இனிமே வராதுன்னுட்டார். கம்பெனில யாருக்கும் தெரியாது. நாளைக்கு இவங்க ரெண்டு பேரும் போடற குஸ்திதான் கடைசி."

வியாகுலம்மாள் புருஷனிடம் ஓடினாள். "கண்ணு தெரியாதவரோடவா குஸ்தி போடப் போறீங்க?"

தைரியராஜ் பதில் சொல்வதற்குள் கூடத்திலிருந்த கமருதீனே சொன்னார். "நான்தான் கேட்டேன் தங்கச்சி. குருட்டுப் பயில்வான்னு ஜனங்க பரிதாபப்படறதுக்கு முந்தி, ஒரு தடவை ஏறிட்டு இறங்கிடறேன். ராஜு கூடன்னா எனக்கு பயமில்ல."

விசில் ஊதும் நடுவர் ஸ்ரீரங்கத்து வீரராகவன், பழைய டிரில் மாஸ்டர். அவரிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னார்கள். அவர், "அடியேன் காதிலே எதுவும் விழலை. விசிலை மட்டும் கொஞ்சம் உரக்க ஊதறேன். மத்ததைப் பெருமாள் பார்த்துப்பார்" என்றார்.

மறுநாள் சாயங்காலம் வியாகுலம்மாள் முதல்முறையாகக் கூடாரத்துக்குள் நுழைந்தாள். ரோஷன் பேகம் கெஞ்சியதால்தான் வந்தாள். பெண்களுக்கான தடுப்புக்குள் உட்கார்ந்ததுமே ரோஷன் பேகம் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். "நீங்க பார்த்துச் சொல்லுங்கக்கா. என்னால முடியாது."

கமருதீன் பெயரைச் சொன்னதும் தைரியராஜ் மேடையிலிருந்து குதித்து, வெறி பிடித்தவர் போலக் கத்திக்கொண்டே எதிரே ஓடி, அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். ஜனங்கள் ஹோவென்று கூவினார்கள்.

"என்னக்கா ஆச்சு?"

"கையைப் பிடிச்சுப் படி ஏத்தி விடறார்" என்றாள் வியாகுலம்மாள் மெதுவாக.

குஸ்தி தொடங்கியது. தைரியராஜின் ஒரு கை எப்போதும் கமருதீன் மேலேயே இருந்தது. தோளில், இடுப்பில், பிடரியில். கை விலக வேண்டி வந்தால் காலால் மேடையை ஓங்கி மிதித்தார். "வாடா இந்தப் பக்கம்!" என்று ஏசினார். பன்னிரண்டு வருஷம் கட்டிப் புரண்ட உடம்புகள். அந்தச் சத்தம் வந்த திக்கில் கமருதீன் அம்பு மாதிரி பாய்ந்தார். அவர் பிடித்த பிடியெல்லாம் அசல் பிடி. கயிற்றின் பக்கம் போனால் விசில் அலறியது. அவர் சட்டென்று திரும்பிக்கொண்டார். இரண்டாயிரம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கும் தெரியவில்லை.

திடீரென்று வியர்வையில் ஒரு பிடி வழுக்கியது. இருவரும் ஆளுக்கொரு மூலையில் போய் விழுந்தார்கள். கமருதீன் எழுந்தார். ஆனால் முகம் ஜனங்கள் பக்கம் இருந்தது. எதிராளிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கைகளை விரித்துக் காற்றைத் துழாவினார். கூட்டத்தில் சத்தம் அடங்கத் தொடங்கியது.

வியாகுலம்மாள் ரோஷன் பேகத்தின் கையை நெரித்தாள்.

தைரியராஜ் ஓடினார். கயிற்றை ஒட்டியே சுற்றி ஓடி, கமருதீன் எந்தப் பக்கம் பார்த்து நின்றாரோ அந்தப் பக்கமே போய் நின்று, மார்பில் படார் படாரென்று அறைந்தார். "என்னடா நிக்கிறே? தூக்குடா பார்க்கலாம்!"

கமருதீன் தூக்கினார். அந்தப் பலம் எங்கும் போயிருக்கவில்லை. தைரியராஜின் அத்தனை பெரிய உடம்பு ஒரே மூச்சில் அவர் தலைக்கு மேல் போயிற்று. மேலே போனவர் துள்ளவில்லை, நெளியவில்லை. பாரம் ஒரு பக்கம் சாயாதபடி உடம்பைப் பலகை மாதிரி விறைத்துக்கொண்டு கிடந்தார். எங்கே எறியப்போகிறோம் என்று எறிகிறவருக்கே தெரியாது. எறியப்படுகிறவர் அசையாமல் கூடாரத்து உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எண்ணெய் தேய்க்கும்போதெல்லாம் தான் தடவிய அந்த உடம்புக்குள் இப்படி ஒரு ஆள் இருந்தாரா என்று வியாகுலம்மாளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. தன்னையறியாமல் எழுந்து நின்று சிலுவை போட்டுக்கொண்டாள்.

"கண்ணைத் திற ரோஷன். இதை நீ பார்க்கணும்."

மரம் சாய்ந்தது போலச் சத்தம். இரண்டு தோளும் மேடையில் பட, தைரியராஜ் மல்லாந்து கிடந்தார். வீரராகவன் கமருதீனின் கையை உயர்த்திப் பிடித்தார். விசில் ஊத அவருக்கு மூச்சு வரவில்லை. கூட்டம் மேடையேறி, கமருதீனைத் தோளில் தூக்கிக்கொண்டு போயிற்று. அவர் காலே தரையில் படவில்லை.

தைரியராஜுக்கு வலது தோள் இறங்கிவிட்டது. மூன்று மாதம் கட்டுப் போட்டிருந்தார். கமருதீன் ஆம்பூரோடு இருந்துவிட்டார். தைரியராஜ் அதற்கப்புறமும் யுத்தம் முடியும்வரை கோதாவில் இறங்கினார். திருச்சியில் நடந்த குஸ்தி எதையும் வியாகுலம்மாள் தவறவிடவில்லை.

சொந்த ஊரிலேயே தோற்றுவிட்டார் என்ற பேச்சு பாலக்கரையில் அவரை விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் ஒருவர் கேட்டே விட்டார். "கமருதீன் உங்களை அப்படித் தூக்கி அடிச்சானாமே, நெஜமா?"

வியாகுலம்மாள் உண்மையைச் சொல்ல வாயெடுத்தாள். தைரியராஜ் அவளைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"நெஜந்தாங்க. அப்படி ஒரு பயில்வானை நான் எந்த ஊர்லயும் பார்த்ததில்ல."