மிஸ் வளர்த்த புல்

மிஸ்ஸிடம் தடித்த கோவை ஒன்று இருந்தது. வன்னியில் முளைக்கும் களைகளைக் காயவைத்துத் அதிலுள்ள தாள்களில் ஒட்டி, அது அது செய்யும் கெடுதியைக் கீழே சிவப்பு மையால் எழுதியிருப்பார். அவர் விவசாயப் போதனாசிரியர். நான் அவருக்குக் கீழே வேலை பழகியவன். வயல் செய்யும் கமக்காரர் கூட்டங்களில் அந்தக் கோவையை விரித்துக் குற்றப்பத்திரிகை வாசிப்பதுபோல ஒவ்வொரு புல்லாகக் காட்டுவார். "புல்லைக் கண்டால் யோசிக்காதேங்கோ, பிடுங்குங்கோ" என்று முடிப்பார். வரம்பில் அவருடைய குடை தெரிந்தாலே சிலர் குனிந்து எதையாவது பிடுங்கத் தொடங்குவார்கள். அவசரத்தில் நெல்லைப் பிடுங்கியவர்களும் உண்டு.

அப்படிப்பட்டவர் ஓய்வுபெற்று விசுவமடுவில் வீடு கட்டிய பிறகு, முன்வளவில் அழகுக்குப் புல் வளர்க்கப் போவதாகச் சொன்னபோது நான் தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டு அவருடைய முகத்தைப் பார்த்தேன்.

காரணம் நியாயமானதுதான். முதல் வருடம் வைத்த ரோசாவும் அந்தூரியமும் ஆவணி வெயிலில் கருகிவிட்டன. முழங்கால் நோவோடு வாளி தூக்க அவரால் முடியவில்லை. "என்னைக் கூப்பிடாமல் தன்பாட்டில நிக்கிற ஒண்டு வேணும் தம்பி" என்றார். நிபந்தனைகளையும் எழுதி வைத்திருந்தார். வெயிலில் தண்ணீர் கேட்கக் கூடாது. கார்த்திகை மழையில் அழுகக் கூடாது. வருடத்தில் ஒருமுறைதான் வெட்டலாம். முக்கியமாக, பக்கத்து வயலுக்கு விதை பறக்கவே கூடாது. எனக்கு வேலை தந்த நேர்முகப் பரீட்சைகூட அவ்வளவு கடுமையாக இருக்கவில்லை. என் மோட்டார் சைக்கிளின் பின்னால் இருந்து கிளிநொச்சியில் பூங்கன்று விற்கும் இடமெல்லாம் சுற்றினார். வெண்பஞ்சுக் கதிர் விடும் ஒரு வகையைக் கடைக்காரர் புகழ்ந்துகொண்டிருக்க, மிஸ் ஒரு கதிரைக் கசக்கி உள்ளங்கையில் வைத்து ஊதினார். விதை தெருவைத் தாண்டிப் போனது. "இவர் வேண்டாம்" என்றார். கடைசியில் தேறியவை வெட்டிவேர், எலுமிச்சம்புல், ஊதாக் கதிர் விடும் இன்னொரு புல், இவ்வளவுதான். மேடு கட்டி நட்டார். ஆறு மாதத்தில் காற்று வீசும்போதெல்லாம் முன்வளவு அலையடித்தது. மிஸ் கதிரையைப் போட்டு உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

புரட்டாதியில் மகளின் பிள்ளைப்பேற்றுக்காக வவுனியாவுக்குப் போய் இரண்டு கிழமை நின்றார். திரும்பி வந்தவரை நான்தான் பஸ்ஸடியிலிருந்து கூட்டி வந்தேன். கேற்றைத் திறந்தால் முன்வளவு மொட்டையாகக் கிடந்தது. நடுவில் பக்கத்துக் காணிக்கார அண்ணை மண்வெட்டியோடு வியர்த்துப்போய் நின்றார். நெல்லைப்போலவே முளைக்கும் களையான பன்றிநெல்லை வயலில் விட்டுவைத்ததற்காக மிஸ்ஸிடம் அதிகம் ஏச்சு வாங்கியவர் அவர்தான்.

"நீங்கள் இல்லாத நேரம் வளவு காடாய்ப் போச்சுது மிஸ். பார்க்க ஏலாமல் இருந்தது. ரெண்டு நாளாய் வேரோட கிளறினனான். நீங்கள் படிப்பிச்ச மாதிரித்தான், யோசிக்கேல்லை."

வேலியோரம் புல் குவிந்து கிடந்தது. ஊதாக் கதிர்ப் புல்லை அவருடைய மாடு தின்று முடித்திருந்தது. குடை உயரும் என்று நான் காத்திருந்தேன். மிஸ் வெகுநேரம் அவருடைய கொப்புளம் போட்ட கைகளைப் பார்த்தார். "பெரிய உதவி அண்ணை" என்றார். குசினிக்குள் போனதும் என்னிடம் மெல்லச் சொன்னார்: "நான்தானே தம்பி சொல்லிக் குடுத்தனான்." கண் கலங்கியிருந்தது.

அந்தக் கிழமையே மழை பெய்தது. குவியலில் கிடந்த வெட்டிவேரும் எலுமிச்சம்புல்லும் துளிர்த்தன. மண்வெட்டிக்கும் மாட்டுக்கும் தப்பியதைவிட உறுதியான புல்லுக்கு எங்கே போவது? மிஸ் அவற்றையே திரும்ப நட்டு, பக்கத்தில் ஒரு பலகையும் ஊன்றினார்: "இது களை அல்ல." அதை வாசித்த அண்ணை பத்து நாள் அந்தப் பக்கம் வரவில்லை. பதினோராம் நாள் ஒரு சாக்கு மாட்டெருவோடு வந்து, மேட்டில் கொட்டிவிட்டுப் போனார்.

போன பெரும்போகத்தில் அண்ணையின் வயலோரமாக நானும் மிஸ்ஸும் வந்துகொண்டிருந்தோம். ஒரு மூலையில் பன்றிநெல் பயிருக்கு மேலாகத் தலைதூக்கி நின்றது. அதன் நடுவில் புதுப் பலகை ஒன்று: "இதுவும் களை அல்ல." மிஸ் நின்றுவிட்டார். முதலில் குடைதான் குலுங்கியது. அத்தனை வருடத்தில் அவர் வாய்விட்டுச் சிரித்து நான் கண்டது அன்றுதான்.

அண்ணை தூர வரம்பில் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"இந்தப் போகம் மட்டும்தான் அண்ணை" என்று மிஸ் கூப்பிட்டுச் சொன்னார்.