கேன் தண்ணீரில் எடுத்த நீர்மாலை

அம்மா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரில் அவருடைய பிறப்பு, உழைப்பு, குணநலன் எல்லாவற்றையும் எழுதச் சொன்னார் அண்ணன். எழுதுகிறேன். ஆனால் அம்மா இறந்த கேதத்தன்று உங்களில் பலர் கேட்டு, நாங்கள் பதில் சொல்லாமல் விட்ட கேள்வி ஒன்று இருக்கிறது. அம்மா அத்தனை முறை சொல்லியும் அவருடைய நீர்மாலையைக் கண்மாயில் எடுக்காமல், கடையில் வாங்கிய கேன் தண்ணீரில் ஏன் எடுத்தீர்கள்? வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன்: இறந்தவரைக் கடைசியாகக் குளிப்பாட்டுவதற்குப் பிள்ளைகளும் பங்காளிகளும் நீர்நிலைக்குப் போய்க் குடத்தில் தண்ணீர் எடுத்து வருவதைத்தான் நாங்கள் நீர்மாலை என்கிறோம்.

அம்மா பிறந்தது டி. கல்லுப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கரிசல் கிராமம். ஒரு குடம் தண்ணீருக்கு அரை நாள் நிற்கிற ஊர். ஆனையூருக்குக் கல்யாணமாகி வந்தபோது, வீட்டுப் பின்சுவருக்கு அந்தப் பக்கம் கண்மாய் நிறையத் தண்ணீர் கிடந்ததாம். அதைப் பார்த்தவர் மாப்பிள்ளையின் சம்பளம் என்ன என்றுகூட விசாரிக்கவில்லை என்று அப்பா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். லாரிப் பட்டறையில் அப்பாவுக்குக் கை நசுங்கி வேலை போனபோது, அம்மா சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலைக்குப் போய் எங்கள் இருவரையும் படிக்க வைத்தார். வீட்டுக்கு வந்தவர்களைச் சாப்பிடாமல் அனுப்ப மாட்டார். கோபம் வந்தால் அவர் பேச மாட்டார், பாத்திரங்கள் பேசும்.

எங்கள் பகுதியில் வீடுகள் பெருகப் பெருகக் கண்மாய் கறுத்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அம்மா முதலில் எங்கள் வீட்டு அடுப்படித் தண்ணீரை நிறுத்தினார். கொல்லையில் குழி வெட்டி, உடைந்த செங்கல்லும் மணலும் போட்டு, தண்ணீரை அதில் விட்டுப் பக்கத்தில் வாழை வைத்தார். அதன் பிறகு கரையோர வீடுகளுக்கெல்லாம் நடையாய் நடந்தார். சோப்புத் தண்ணீரை வாய்க்காலில் விடாதீர்கள், கக்கூஸ் தொட்டி நிரம்பினால் லாரி கூப்பிட்டு அள்ளுங்கள், கோழிக் கழிவையும் கேத வீட்டு மாலையையும் கண்மாயில் கொட்டாதீர்கள், வண்டியைக் கரையில் கழுவாதீர்கள். இவ்வளவுதான் அவர் கேட்டது.

எதிர்வீட்டு அக்கா ஒருநாள் சலிப்போடு சொன்னார். "எல்லாரும்தான் விடுறாங்க மதினி. நான் ஒருத்தி நிறுத்துனா மட்டும் கண்மாய் நல்லாயிருமா?"

"எல்லா வீட்லயும் இதத்தான் சொல்றாங்க. அப்ப நான் எந்த வீட்ல இருந்துதான் ஆரம்பிக்கிறது, நீயே சொல்லு" என்றார் அம்மா.

அம்மா மாநகராட்சி அலுவலகத்தில் மனு கொடுத்தார். வாங்கி வைத்துக்கொண்டதோடு சரி. சில வீடுகளில் குழி வெட்டினார்கள், குழி தூர்ந்ததும் பழையபடி வாய்க்காலில் விட்டார்கள். "ஒங்கம்மா எனக்கு வாக்கப்பட்டு வந்தாளா, கண்மாய்க்கு வாக்கப்பட்டு வந்தாளான்னே தெரியலடா" என்று அப்பா கேலி செய்வார்.

மூச்சுத் திணறலோடு ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி வாரத்திலும் அவர் கேட்டது ஒன்றுதான். "எனக்குத் தெருக்குழாயில நீர்மாலை எடுத்துறாதீங்கப்பா. எம்புட்டு மோசமா இருந்தாலும் கண்மாய்லதான் எடுக்கணும்." சரிம்மா என்று நானும் அண்ணனும் சொன்னோம்.

அதனால் அன்று கண்மாய்க்குத்தான் போனோம். முன்னால் சங்கு ஊதிப் போக, தலைக்கு மேல் வேட்டியைப் பிடித்து வர, நானும் அண்ணனும் குடத்தோடு நடந்தோம். கரையில் இறங்க முடியவில்லை. ஆகாயத்தாமரையை விலக்கினால் உள்ளே கறுப்பாய் நுரைத்தது. மூக்கைப் பொத்தாமல் நிற்க முடியாத நாற்றம். அண்ணன் குடத்தை அமுக்கப் போனார். அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம் மாப்ள. இத எங்கக்கா மேல ஊத்த என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியாது."

அப்போதுதான் பக்கத்தில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. எங்கள் பின்சுவருக்கு அடியிலிருந்து ஒரு வெள்ளைக் குழாய் கண்மாய்க்குள் ஊற்றிக்கொண்டிருந்தது. மாடி கட்டியபோது, கக்கூஸ் தொட்டி நிரம்பும் தொல்லை இருக்காது என்று கொத்தனார் சொல்ல, நான் தலையாட்டிப் போட்ட குழாய் அது. அம்மா கேட்டபோது, "எல்லாம் குழிக்குத்தாம்மா போகுது" என்று சொல்லியிருந்தேன். முட்டி வலியோடு அவரால் பின்பக்கம் போய்ப் பார்க்க முடியாது என்பது எனக்குத் தெரியும். அன்று வீடு நிறைய ஆட்கள். அம்மாவின் சாவுக்கு வந்தவர்கள் கை கால் கழுவிய தண்ணீரெல்லாம் என் கண் முன்னால் கண்மாயில் விழுந்தது. நான் வெறும் குடத்தோடு நின்றேன்.

"இது யாரு வீட்டுக் குழாய் மாப்ள?" என்றார் மாமா.

"நம்ம வீட்டுதான் மாமா."

அவர் திரும்பிக் கரையேறினார். தெருக்குழாயிலும் அன்று தண்ணீர் வரவில்லை. தெரு முக்குக் கடைக்காரர் தண்ணீர்க் கேன்களை வண்டியில் கொண்டு வந்தார். குடத்தில் ஊற்றிக்கொண்டு திரும்பினோம். நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான்.

கருமாதி முடிந்த மறுநாளே குழாயை அடைத்துவிட்டேன். அம்மா சொன்னதையெல்லாம் எங்கள் வீட்டில் இப்போது செய்கிறோம். கண்மாயில் ஒரு மாற்றமும் தெரியவில்லை. நான் போய்க் கேட்டால், அம்மாவிடம் சொன்ன அதே பதிலைத்தான் என்னிடமும் சொல்கிறார்கள். நானும் அதையே நினைத்துக் குழாய் போட்டவன்தான் என்பதால் யாரிடமும் கோபப்பட முடியவில்லை.

அம்மாவை ஆஸ்பத்திரியில் மாறி மாறிப் பார்த்துக்கொண்ட சத்துணவுக் கூடத்துத் தோழிகளுக்கும், கரையில் எங்களோடு நின்ற பங்காளிகளுக்கும், தண்ணீருக்குக் காசு வாங்க மறுத்த கடைக்காரருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கண்மாய்க் கரையில் வீடு உள்ளவர்கள் இதைப் படித்தால், ஒருமுறை பின்சுவருக்கு அந்தப் பக்கம் போய்ப் பாருங்கள். அம்மாவுக்காக நான் கேட்கக்கூடியது அவ்வளவுதான்.

எழுதி முடித்து, அண்ணன் பக்கத்தில் இருக்க, அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். குறுக்கே கேலி பேசாமல் முழுவதையும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"சரிடா. எனக்கு நீர்மாலை எங்க எடுப்பீங்க?" என்று கேட்டார்.

நான் அண்ணனைப் பார்த்தேன். அண்ணன் என்னைப் பார்த்தார்.