மண்டியிட முடியாத நாளில் கேட்ட ஜெபம்

எனக்கு இருபத்து நான்கு வயதாக இருந்தபோது, என் வலது முழங்கால் கோயிலுக்குள்ளேயே, எல்லார் கண் முன்பாகவும் பூட்டிக்கொண்டது. அன்றே செத்துப்போயிருந்தால் நல்லது என்று பல நாள் நினைத்திருக்கிறேன். சாட்சிக் கூட்டத்தில் எழுந்து பேச எனக்கு வாய் வராது. தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்து வருடம் படித்த தமிழில் எழுதித் தருகிறேன். என் பேரில் யாராவது வாசித்துவிடுங்கள்.

ஜப்பான்காரன் வருவதற்குச் சில வருடங்களுக்கு முன்பு நடந்தது இது. ஜெராய் மலை அடிவாரத்தில் எங்கள் ரப்பர் தோட்டம். நான் பால் வெட்டிய மரங்கள் மலைச்சரிவில் இருந்தன. இரண்டு பால்வாளிகளைத் தோளில் வைத்த காண்டாக் கம்பின் இரு முனையிலும் தொங்கவிட்டு, ஒரு சொட்டு சிந்தாமல் இறங்குவேன். சடுகுடுவில் என்னைப் பிடிக்க ஆள் கிடையாது. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் யான் ஊரிலிருந்துகூட ஆட்டத்துக்கு வருவார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆட்டத்தில் இரண்டு பேர் என் இடுப்பைக் கட்டிப் பிடித்தார்கள். உடம்பு திரும்பியது. ஊன்றிய கால் திரும்பவில்லை. உள்ளே ஏதோ கிழிந்தது. மறுநாள் முழங்கால் பூசணிக்காய் போல வீங்கியிருந்தது.

ஒரு வாரத்தில் வீக்கம் வடிந்தது. ஆனால் கால் என் பேச்சைக் கேட்கவில்லை. சரிவில் இறங்கும்போது திடீரென்று நழுவும். மூன்று முறை வாளியோடு விழுந்தேன். விடியற்காலையில் பெயர் கூப்பிடும்போது, கங்காணி எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"ஏன்டா சாமுவேலு, சடுகுடுன்னா ஓடுற காலு, மரமுன்னா ஓடாதா?"

எல்லாரும் சிரித்தார்கள். என்னோடு விளையாடியவர்கள்தான் அதிகம் சிரித்தார்கள்.

தோட்டத்து மருந்துக்கொட்டகையில் மருந்து கட்டும் டிரசர் காலைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "வீக்கமும் இல்லே, ரத்தமும் இல்லே. நடிப்பு லா" என்று தைலம் கொடுத்து அனுப்பினார்.

அதைவிடப் பெரிய அடி கோயிலில் விழுந்தது. எங்கள் உபதேசியார் கண்டிப்பானவர். ஓய்வுநாளில் விளையாடியதால்தான் கர்த்தர் என் காலை அடித்தார் என்று பிரசங்கத்தில் சொன்னார். சபைக்கு முன்னால் மண்டியிட்டுப் பாவத்தை அறிக்கை செய்தால் கால் சரியாகும் என்றார். நான் நம்பினேன். என் மனைவி எஸ்தருக்கு அப்போது எட்டாம் மாதம். கால் சரியாக வேண்டுமே.

அடுத்த ஞாயிறு பீடத்துக்கு முன்னால் சிமெண்டுத் தரையில் மண்டியிட்டேன். வலி தாங்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்தேன். எழுந்திருக்கப் பார்த்தால் கால் நீளவில்லை. மடங்கியபடியே இறுகிவிட்டது. கத்தி அழுதேன். சபையார் நான் மனம் உடைந்து அழுகிறேன் என்று நினைத்தார்கள். உபதேசியார் கையை உயர்த்தி இன்னொரு பாட்டுக்குச் சைகை காட்டினார். நான் எழ முடியாமல் கிடக்க, என்னைச் சுற்றி நின்று ஐந்து சரணமும் பாடினார்கள். எஸ்தர்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"பாட்டை நிறுத்துங்கண்ணே! அவருக்கு எழுந்திருக்க முடியலே!"

என்னைக் கதவுப் பலகையில் போட்டு, எங்கள் அறை இருந்த லயத்து வரிசைக்குத் தூக்கி வந்தார்கள். உபதேசியார் எஸ்தரிடம், "இன்னும் ஏதோ ஒரு பாவத்தை மறைக்கிறான்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

புதன்கிழமை கங்காணி வாசலில் வந்து நின்றார். வருகிற திங்கட்கிழமை வேலைக்கு வராவிட்டால் அறையைக் காலி செய்ய வேண்டும் என்று துரை உத்தரவு போட்டிருக்கிறாராம். வேலை இல்லாதவனுக்கு லயத்தில் இடம் இல்லை. எங்களுக்கு வேறு ஊரும் இல்லை, உறவும் இல்லை. எஸ்தர் பிள்ளையை எங்கே பெறுவாள்?

வியாழக்கிழமை நடுப்பகல். எஸ்தர் அந்த வயிற்றோடு புல் வெட்டப் போயிருந்தாள். நான் தரையில் மல்லாந்து கிடந்தேன். மண்டியிடாமல் கேட்கும் ஜெபம் மேலே போகாது என்றுதான் எனக்குச் சின்ன வயதிலிருந்து சொல்லியிருந்தார்கள். ஆகையால் நான்கு நாளாக ஜெபிக்கவே இல்லை. அன்று அடக்க முடியவில்லை. "ஆண்டவரே, இந்த அறையை எடுத்துப்போடாதேயும்" என்று கூரையைப் பார்த்துச் சத்தமாக அழுதேன். காலைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

"யாரப்பா உள்ளே?" என்று குரல் வந்தது.

சைக்கிளில் துணிமூட்டை கொண்டுவந்து விற்கும் ராவுத்தர். லயத்தில் ஆள் இல்லாத நேரத்தில் அவர் வருவதே இல்லை. அன்று சைக்கிள் சங்கிலி அறுந்து, எங்கள் வாசலில் நிறுத்திச் சரி செய்துகொண்டிருந்தாராம். உள்ளே வந்து என் காலைப் பார்த்தார். மூட்டையை இறக்கி எங்கள் அறையில் போட்டுவிட்டு, சைக்கிளில் அது இருந்த இடத்தில் என்னை உட்காரவைத்தார்.

டவுன் ஆசுபத்திரிக்குப் போகும் வழியெல்லாம் ஒவ்வொரு கல்லுக்கும் கத்தினேன். படுத்துக்கொண்டே சாமியைக் கூப்பிட்டுவிட்டேன், அது குற்றமா என்று வெட்கத்தோடு அவரிடம் கேட்டேன்.

"எங்கள்லே நிக்க முடியாதவன் உக்காந்து தொழுவான், உக்கார முடியாதவன் படுத்துத் தொழுவான்" என்றார் ராவுத்தர், மூச்சு வாங்க. "நீ முதல்ல என் முதுகைப் பிறாண்டாம உக்காரு."

ஆசுபத்திரியில் டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது: முழங்காலுக்குள் இரண்டு எலும்புக்கும் நடுவில் மெத்தை போல ஒரு குருத்தெலும்பு உண்டாம். அது கிழிந்து, மடிந்து, மூட்டுக்குள் சிக்கியிருந்தது. மண்டியிட வைத்தது யார் என்று டாக்டர் கோபமாகக் கேட்டார். நான் சொல்லவில்லை. அந்தக் குருத்தெலும்பை அறுத்து எடுத்தார்கள். இவன் நடிக்கவில்லை, ஆனால் இனி மலையேறக்கூடாது என்று துரைக்கு டாக்டர் எழுதிய கடிதத்தை ராவுத்தர்தான் கொண்டுபோனார்.

திங்கட்கிழமை காலையிலேயே கங்காணி எங்கள் சட்டிபானையை வெளியே எடுத்துப் போட்டிருந்தார். எஸ்தர் அவற்றின் நடுவில் உட்கார்ந்திருந்தாள். கடிதத்தைப் பார்த்த துரை அறையை எங்களுக்கே விட்டுவிடச் சொன்னதாக, ஆபீசிலிருந்து கணக்கெழுதும் கிராணி ஓடிவந்தார். வேடிக்கை பார்த்தவர்கள் கலைந்து போனார்கள். ஒருவரும் ஒரு சட்டியைக்கூட உள்ளே எடுத்து வைக்கவில்லை. அவளே ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். பத்தொன்பது நாள் கழித்து அந்த அறையில் எங்கள் மகள் பிறந்தாள்.

நான் ஆசுபத்திரியிலிருந்து திரும்பி வந்ததும் கங்காணி எனக்கு வேறு வேலை வைத்திருந்தார். லயத்துக் கக்கூஸ் வாளிகளை எடுத்துக் கொட்டும் வேலை. "மலையேறக்கூடாதுன்னுதானே டாக்டர் எழுதியிருக்காரு? இது சமதரைதான்டா" என்றார். என்னோடு சடுகுடு ஆடியவர்கள் வழியில் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கினார்கள். கோயிலில் என் பெஞ்சில் யாரும் உட்காரவில்லை. எனக்குப் பின்னால் குடிக்க யாரும் விரும்பாததால், நற்கருணைக் கிண்ணத்துக்கு நானே கடைசி ஆளாக நிற்கப் பழகிக்கொண்டேன். ஒன்பது வருடம் அந்த வேலை செய்தேன். உபதேசியாரை மன்னித்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். பாதிதான் முடிந்திருக்கிறது. மீதிக்கு ஜெபித்துக்கொண்டிருக்கிறேன்.

இதில் எங்கே பதில் வந்தது என்று சிலர் கேட்பீர்கள். நான் அறையைக் கேட்டேன். அறை போகவில்லை. என் மகளின் தலைக்கு மேல் கூரை இருந்தது. அதற்காக இன்றுவரை ஒவ்வொரு காலையும் நன்றி சொல்கிறேன். முன்பு எனக்குப் பயமாக இருந்த ஆண்டவர், இப்போது பேசக்கூடிய ஆண்டவர். வாளி தூக்கும்போதும் பேசினேன்.

சகோதரரே, சகோதரியே, உங்கள் ஜெபம் போய்ச் சேராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எந்த நிலையில் கிடக்கிறீர்களோ அப்படியே கேளுங்கள். எங்கள் கோயிலுக்கு வந்தால், எல்லாரும் மண்டியிடும்போது பின்வரிசையில் ஒருவன் மட்டும் நிற்பதைப் பார்ப்பீர்கள். உங்களுக்கும் மண்டியிட முடியவில்லையென்றால், வெட்கப்படாமல் என் பக்கத்தில் வந்து நில்லுங்கள். இடம் இருக்கிறது.