வயர்மேன் வாங்கிய பல்பு

டெஸ்டரைப் பூந்தொட்டி மண்ணில் குத்தி எடுத்து, நுனியில் ஈரம் ஒட்டியிருக்கிறதா என்று கண்ணருகே வைத்துப் பார்க்கிறார் கொளஞ்சியப்பன். ஒட்டியிருக்கிறது. ஆனாலும் திருப்தி இல்லை. தொட்டியின் மறுபக்கம் குத்தப் போகிறார்.

சிதம்பரத்தில் எங்கள் தெருவுக்கு அவர்தான் வயர்மேன். வேலை முடித்துப் போனவர் பாதி வழியில் திரும்பி வந்து, "மெயின ஒருவாட்டி பாத்துட்டுப் போறேன் சார்" என்பார். ஃபியூஸைப் பிடுங்கிய பிறகும் கம்பியைப் புறங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பிடிப்பார். கரண்ட் இருந்தால் கை தானாகப் பின்னால் வந்துவிடுமாம். கரண்டோடு மல்லுக்கட்டுகிறவர் பயந்தாங்கொள்ளியாக இருப்பதுதான் தெருவுக்கு நல்லது என்று நான் கேலி செய்வதுண்டு.

இப்போது அவர் தூக்கத்தைக் கெடுப்பது இந்தத் தொட்டி. மனைவி இளவரசிக்குப் புதுச்சேரியில் புற்றுநோய் சிகிச்சை. முடி கொட்டியதிலிருந்து, பூக்காரி குரல் கேட்டாலே அவர் உள்ளே போய்விடுகிறார். ஒருநாள் போனில் நீலப் பூக்கொத்து ஒன்றைப் பார்த்துவிட்டு, "தலையில வைக்கத்தான் வழியில்ல, பாக்குறதுக்காவது இதுமாதிரி ஒண்ணு இருந்தா தேவல" என்றிருக்கிறார். அன்றைக்கே ஆர்டர் போட்டுவிட்டார் கொளஞ்சியப்பன். எந்த வெயிலையும் தாங்கி நீலமாகப் பூக்கும் கிழங்காம். பெட்டியின் மேல் 'பல்பு' என்று இங்கிலீஷில் போட்டிருந்தது.

மைத்துனன் மணிவண்ணனுக்கு அது போதாதா? "ஊருக்கெல்லாம் பல்பு மாட்டுற மாமாவே பல்பு வாங்கிட்டாரு" என்று டீக்கடையில் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். கொளஞ்சியப்பனும் கூடவே சிரித்தார். வீட்டுக்கு வந்ததும் கிழங்கைத் தோண்டி, அழுகிவிட்டதா என்று முகர்ந்து பார்த்து மறுபடி புதைத்தார். மறுநாளும் தோண்டினார்.

"இப்படித் தோண்டிக்கிட்டே இருந்தா எப்படிங்க மொளைக்கும்?" என்று நான் அதட்டியபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

"நடுறப்ப மனசுல ஒண்ணு நெனச்சிட்டேன் சார். இது மொளச்சிட்டா அவளுக்கு ஸ்கேன்ல ஒண்ணும் இருக்காதுன்னு. ஏன்தான் நெனச்சேனோ. இப்ப வாபஸ் வாங்கவும் முடியல."

அதற்குப் பிறகு எனக்குக் கேலி வரவில்லை. அவர் தோண்டுவதை விட்டார், டெஸ்டரைப் பிடித்துக்கொண்டார். ஒருமுறை அது கிழங்கிலேயே குத்தி, நுனி பிசுபிசுத்தது. அன்று அவர் வேலைக்குப் போகவில்லை, சரியாகச் சாப்பிடவும் இல்லை. இளவரசிக்கு இதெல்லாம் தெரியாது. "என்னவிட அந்தத் தொட்டியதான் ஜாஸ்தி கவனிக்கிறாரு" என்று என்னிடம் குறைபட்டுக்கொண்டார்.

இன்று ஸ்கேன் ரிசல்ட். தலையில் ஸ்கார்ஃப் கட்டி, கையில் பையோடு வாசலில் நிற்கிறார் இளவரசி. தொட்டியின் மறுபக்கம் குனிந்த கொளஞ்சியப்பன் குனிந்தபடியே இருக்கிறார். மண்ணைக் கீறிக்கொண்டு அரிசி அளவுக்குப் பச்சையாக ஏதோ எட்டிப் பார்க்கிறது.

"என்னங்க, பஸ்ஸுக்கு நேரமாவுது."

அவர் டெஸ்டரைச் சட்டைப் பையில் செருகிவிட்டு, கையைத் திருப்பி, புறங்கையால் அந்தப் பச்சையை மெல்லத் தொடுகிறார்.