ஜன்னல் திரையில் பச்சைப் பெயிண்ட்

ரூசே நகரில் துறைமுகத்துக்குப் போகும் தெருவில் இருந்த சலவைக்கடையில் தோன்கா முப்பத்தொரு வருஷம் கறை எடுத்தாள். ஒயின், மெழுகு, பெயிண்ட் எதுவானாலும் அவளிடம்தான் வரும். முதலில் மடிப்போரத்தில், யார் கண்ணுக்கும் படாத இடத்தில், ஒரு சொட்டு மருந்தை வைத்துப் பார்ப்பாள். துணி தாங்கினால்தான் கறையைத் தொடுவாள்.

அவள் கணவன் மெத்தோதி வீடுகளுக்குப் பெயிண்ட் அடித்தவன். பக்கவாதத்தில் வலது கை விழுந்துவிட்டது. இரண்டு வருஷம் விடாமல் பயிற்சி செய்து, கரண்டி பிடிக்கும் அளவுக்கு அதைத் தேற்றியிருந்தான்.

ஈஸ்டருக்கு முந்தின வாரம், அவள் கடைக்குப் போனதும், ஜன்னல் சட்டத்துக்குப் பச்சை எனாமல் அடிக்க ஆரம்பித்தான். பெயிண்டர் வீட்டு ஜன்னல் சொறி பிடித்த மாதிரி உரிகிறதே என்று குளிர்காலம் முழுக்க அவள்தான் கேலி செய்திருந்தாள்.

சாயந்தரம் அவள் திரும்பியபோது, திரையில் ஒரு முழ நீளத்துக்குப் பச்சை இழுத்திருந்தது. அதைச் சுடுதண்ணீரில் நனைத்த துணியால் தேய்த்து இன்னும் பரப்பிக்கொண்டிருந்தான் மெத்தோதி.

அது அவர்கள் மகள் நெவேனா தைத்த திரை. தையல் ஆலையில் வேலை பார்த்தபோது, கோட்டின் உள்பக்கம் வைக்கும் வழுவழுப்பான துணியில் மிஞ்சியதைக் கொண்டுவந்து தைத்தாள். இருபத்தாறு வயதில் ரத்தப் புற்றுநோய் அவளைக் கொண்டுபோனது.

"யோவ், தேய்க்காதய்யா! கையை எடு!"

"ஒத்தக் கையால கழட்ட வரல தோன்கா. ஒதுக்கி வெச்சுட்டுத்தான் அடிச்சேன். பண்டிகைக்கு நீ பாத்தா சந்தோசப்படுவேன்னு..."

"உன்னை யாரு கேட்டா? சூப்பைச் சிந்தாம குடிக்க வக்கில்ல, இதுல உனக்கு பிரஷ் வேற கேக்குதா?"

மெத்தோதி ஈரத்துணியை மேஜைமேல் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தான்.

அவள் திரையைக் கழற்றி, அடியில் பழைய துண்டை விரித்தாள். ஸ்பூனின் விளிம்பால் பெயிண்டை வழித்தாள். டர்பன்டைனில் நனைத்த பஞ்சால் ஓரத்திலிருந்து உள்நோக்கி ஒற்றி ஒற்றி எடுத்தாள். ஒரு மணி நேரத்தில் பச்சை முக்கால்வாசி இறங்கிவிட்டது. ஒரு மங்கலான நிழல் மட்டும் நின்றது.

"போதும் தோன்கா, யாருக்கும் தெரியாது" என்றான் அவன்.

"எனக்குத் தெரியும்ல!"

கடையிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த அசிட்டோனை எடுத்தாள். இந்தத் திரையை அதுவரை வெறும் சோப்பில் மட்டுமே துவைத்திருந்தாள். இது அசிட்டோனில் கரையும் நூலா என்று அவள் யோசித்ததே இல்லை. மடிப்போரத்தில் வைத்துப் பார்க்கவும் இல்லை. ஆத்திரத்தில் அப்படியே கறைமேல் ஊற்றினாள்.

துணி இளகிப் பசைபோல் அவள் விரலில் ஒட்டியது. விரலை எடுத்தபோது உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை விழுந்திருந்தது. அவள் அழவில்லை. பிசுபிசுத்த விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நீ ஒண்ணும் பண்ணலம்மா. எல்லாம் என் கையாலதான்" என்றான் மெத்தோதி. எழுந்துபோய் பிரஷை விறகடுப்புக்குள் போட்டான்.

மறுநாள் இடது கையால் சாப்பிட்டான். அதற்கடுத்த நாளும் அப்படியே. பயிற்சிக்கு டாக்டர் கொடுத்த ரப்பர் பந்தைத் தொடவே இல்லை. தான் சொன்னதற்குத் தோன்கா மன்னிப்புக் கேட்டாள், கெஞ்சினாள், ஒருநாள் சண்டைகூடப் போட்டாள். "நீ சரியாத்தானே சொன்ன" என்பதற்கு மேல் அவன் பேசவில்லை. கோடையில் விரல்கள் மடங்கி இறுகிப்போயின. கோடை முடிந்து திராட்சை அறுக்கும் சமயத்தில் கட்டிலை விட்டு எழுவதையும் நிறுத்திவிட்டான். அவள் சலவைக்கடை வேலையை விட்டாள்.

ஒரு மத்தியானம் பிரஷ் ஒன்று புதிதாக வாங்கிவந்து அவன் மடியில் வைத்தாள்.

"சமையக்கட்டுக் கதவு பாக்க சகிக்கல. கோணலா அடிச்சாலும் பரவால்லய்யா. வீடு பூரா சிந்து. நான் வாயே திறக்கமாட்டேன்."

அவன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

பீன்ஸ் சூப் ஆறிக்கொண்டிருந்தது. தோன்கா அவனைத் திருப்பி, கழுத்தில் துண்டைச் செருகி, ஊட்டத் தொடங்கினாள். ஒவ்வொரு வாய்க்கும் அவன் மறுப்பில்லாமல் வாயைத் திறந்தான். அவள் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.