பச்சையாய் ஒளிர்ந்த இதயம்

நோர்வேயில் நான் வேலை செய்யும் ஆய்வுகூட இருட்டறையின் வாசலில் ஒரு சிவப்பு விளக்கு உண்டு. அது எரிந்தால் யாரும் கதவைத் தட்டமாட்டார்கள். வேலிப் படலையில் நின்றே பெயர் சொல்லிக் கூப்பிடும் ஊரிலிருந்து வந்த எனக்கு இந்த மரியாதை இன்னும் பழகவில்லை. வரிக்குதிரை மீன் என்ற சின்ன மீனின் கருக்களைப் பார்ப்பது என் வேலை. ஒரு மரபணு எங்கே விழித்திருக்கிறதோ அங்கே போய் ஒட்டிக்கொள்ளும் சாயம் எங்களிடம் இருக்கிறது. நுண்நோக்கியில் வைத்தால், இதயம் உருவாகும் இடம் மட்டும் பச்சையாக ஒளிரும்.

அப்படியொரு படத்தை ஊரில், புதுக்குடியிருப்பிலுள்ள அக்காவுக்கு அனுப்பினேன். பெருமைதான், வேறென்ன. இரண்டு பிள்ளைகளை வயிற்றிலேயே இழந்தவள், அப்போது மூன்றாவதைச் சுமந்துகொண்டிருந்தாள்.

"அந்தக் குஞ்சு இப்ப நீந்துதோ?" என்று கேட்டாள்.

சாயம் ஏற்றுமுன் கருவை மருந்தில் போட்டுக் கொன்றுவிடுவோம். ஆனால் பிள்ளைத்தாய்ச்சியிடம் சாவுக் கதை கதைக்கக்கூடாதென்று வளர்ந்தவள் நான். "ஓம் அக்கா" என்றுவிட்டேன்.

போன வாரம் அவளுடைய ஸ்கேன் படம் வந்தது. பின்னாலேயே அழைப்பும் வந்தது.

"பிள்ளையின்ரை இதயம் வடிவாத் தெரியேல்லையாம். வவுனியாவுக்குப் போய்ப் பெரிய டொக்டரிட்டைக் காட்டச் சொன்னவை. நான் போகேல்லை. நீ அடுத்த மாசம் வரேக்கை அந்தச் சாயத்தைக் கொண்டு வா. உயிருக்கு ஒண்டும் செய்யாதுதானே."

படத்தோடு வந்த துண்டைப் பார்த்தேன். வவுனியாவுக்குக் கொடுத்த திகதி எப்போதோ கடந்திருந்தது.

"அக்கா, நான் பொய் சொன்னனான். அந்த மீன் செத்தது. சாகடிச்சுப்போட்டுத்தான் பாக்கிறனாங்கள். ஸ்கேன் பாக்க எனக்குத் தெரியாது. உடனை டொக்டரிட்டைப் போ."

"இதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமேயடி" என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "நாளைக்குப் போறன்" என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை அக்காவின் அழைப்புக்காகக் கைபேசியோடு இருட்டறை வாசலில் நின்றேன். கூட வேலை செய்யும் இங்ரிட் என்னவென்று கேட்டாள். அக்காவுக்கு இன்று ஸ்கேன் என்றேன். "வாழ்த்துகள்! ஆணா பெண்ணா?" என்று என்னைக் கட்டிக்கொண்டாள். அவளுக்கு விளக்கிச் சொல்ல என் நோர்வே மொழி போதாது. தமிழிலும் முடிந்திருக்காது. நன்றி சொல்லிவைத்தேன்.

உள்ளே, கருக்களைச் சாயத்திலிருந்து எடுக்கச் சொல்லி நேரமணி அடிக்கத் தொடங்கியது. எடுக்காவிட்டால் ஒரு வாரத்து வேலை பாழ்; உள்ளே போனால் கைபேசியை வெளியே விடவேண்டும். கதவை முதுகால் தாங்கிக்கொண்டு நின்றேன். உள்ளே மணி அடித்துக்கொண்டேயிருந்தது. கையிலிருந்த கைபேசி அடிக்கவில்லை.