மைதானத்துக் கூழாங்கற்கள்

அஞ்சாங்கல் ஆட்டத்தில் எனக்கு ஒரு காலத்தில் நல்ல பெயர் இருந்தது. அந்தப் பெயரை நான் எப்படிச் சம்பாதித்தேன் என்பதை இத்தனை வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை. சொல்லிக்கொள்ளும்படியாகவும் அது இல்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் ஒரு வருஷம், எனக்கு ஒன்பது வயது. பொள்ளாச்சிப் பக்கம் இருந்த நாங்கள் சிங்காநல்லூர்ப் பக்கத்து மில் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லைன் வீடுகளில் ஒன்றுக்குக் குடிவந்தோம். அப்பாவுக்கு மில்லில் வேலை சொல்லி வைத்தவர் என் தாய்மாமன். அவருக்கு அந்த மில்லின் விளையாட்டு மைதானத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை. புல் செதுக்குவார், ஓட்டப் பந்தயத்துக்குக் கோடு போடுவார், பந்தாட்டக் கம்பங்களுக்குச் சுண்ணாம்பு அடிப்பார். வேலைச் சங்கு ஊதியதும் மற்றவர்களெல்லாம் மில்லுக்குள் போய் மறைய, மாமா ஒருவர்தான் நாள் முழுக்க வெயிலையும் வானத்தையும் பார்த்தபடி வேலை செய்தார். அதில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை.

லைனுக்கு ஒரே கிணறு, மைதானத்தின் தாழ்ந்த மூலையில் இருந்தது. உப்பென்றால் அப்படியொரு உப்பு. பருப்பு வேகாது, தலைக்கு ஊற்றினால் சிக்குப் பிடிக்கும். நல்ல தண்ணீருக்குப் பெண்கள் தூரத்துத் தோட்டத்துக் கிணறு வரை நடந்தார்கள். ஆனால் மழை பெய்தாலோ மைதானம் முழுக்கத் தண்ணீர் நிற்கும், நாலு நாளைக்கு ஆட்டம் கிடையாது. வாய்க்கால் வெட்டி அதை ரோட்டோரப் பள்ளத்தில் தள்ளச் சொன்னார் மேனேஜர். மாமாவுக்கு மனசு வரவில்லை.

"ஏனுங்க, வானம் குடுக்கறதக் கொண்டுபோயி ரோட்டுல ஊத்தறதுங்களா? கெணத்துல உட்டுப் பாக்கறனுங்க" என்று மேனேஜர் பின்னாலேயே நடந்து நடந்து, கடைசியில் ஒரு மழைக்காலத்துக்கு மட்டும் அனுமதி வாங்கினார். கிணறு கெட்டால் குழியை மூடிவிட்டு மைதான வேலையையும் மறந்துவிட வேண்டும் என்பது பேச்சு.

கிணற்றுக்குப் பக்கத்தில் ஆள் உயரக் குழி வெட்டினார். அடியில் பெரிய கல், அதன்மேல் ஆற்று மணல், மணல் அரித்துக்கொண்டு போகாமலிருக்க மேலே ஒரு முழத்துக்குக் கூழாங்கல். குழியின் அடியிலிருந்து மண் குழாய் ஒன்று கிணற்றுக்குள் போயிற்று. கூழாங்கற்களை ஞாயிற்றுக்கிழமைதோறும் நொய்யல் ஆற்றிலிருந்து அவரே தலையில் சுமந்து வந்தார். உருண்டையாக, வழவழப்பாக இருப்பதை மட்டும் பொறுக்குவார். குழியில் போடுகிற கல்லுக்கு என்ன அழகு வேண்டியிருக்கிறது என்று அத்தை கேலி செய்வாள்.

ஆவணியில் நாலு மழை பெய்தது. மைதானத்துத் தண்ணீர் வாய்க்காலில் ஓடிவந்து, குழியில் இறங்கி, தெளிந்து கிணற்றில் விழுந்தது. உப்புக் குறைந்தது. ஒருநாள் அத்தை பருப்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"பாருங்கோ, வெந்துபோச்சு! மசியக் கடஞ்சுபோட்டேன்" என்று என் அம்மாவிடம் காட்டிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாமா சும்மா நின்று மீசையைத் தடவிக்கொண்டிருந்தார்.

எனக்கு அந்தப் பருப்பைப் பற்றி அக்கறை இல்லை. லைனில் என்னை யாரும் விளையாட்டுக்குச் சேர்க்கவில்லை என்பதுதான் என் துக்கம். மைதானத்தில் ஆட்டம் பார்க்க உட்காரும் காலரியின் கீழ்ப்படியில் பெண் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து அஞ்சாங்கல் ஆடுவார்கள். ஜல்லிக் கல்லில் ஆடி எல்லாருக்கும் கை சிராய்த்திருக்கும். நான் நின்று நின்று பார்த்துவிட்டு வீட்டுக்குப் போவேன். ஒருநாள் மாமாவின் குழியிலிருந்து ஐந்து கற்களை எடுத்துக்கொண்டு போய் அவர்கள் நடுவில் வைத்தேன். புறா முட்டை மாதிரி ஐந்து கற்கள்.

"ஏம்புள்ள, இது ஏது? எனக்கும் குடு" என்றாள் கூட்டத்துக்குத் தலைவி. அன்றைக்கே எனக்கு இடம் கிடைத்துவிட்டது.

முதல் ஐந்து கல்தான் நான் எடுத்தேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். பாவாடை மடியில் அள்ளி அள்ளிக் கொடுத்தேன். பிறகு அள்ளச் சலித்துப்போய் இடத்தையே காட்டிவிட்டேன். புரட்டாசி முழுக்க லைன் பிள்ளைகள் வந்து எடுத்தார்கள். மணல் தெரிய ஆரம்பித்ததும், யார் கண்ணிலும் படாமலிருக்க மேலே காய்ந்த புல்லைப் பரப்பி வைத்த யோசனையும் என்னுடையதுதான்.

ஐப்பசியில் ஒருநாள் விடிந்ததிலிருந்து பேய் மழை. மைதானத்துத் தண்ணீர் முழுவதும் குழியில் பாய்ந்து, மேலே பாரம் இல்லாத மணலை வாரிக்கொண்டு, செம்மண்ணோடு கிணற்றுக்குள் இறங்கிவிட்டது. மறுநாள் காலையில் வாளியில் சேறுதான் வந்தது. பெண்கள் கிணற்றைச் சுற்றி நின்று வாய்க்கு வந்தபடி பேசினார்கள். பருப்பு வெந்தபோது மாமாவைத் தெய்வம் என்றவர்களும் அதில் இருந்தார்கள்.

மேனேஜர் வந்தார். மாமா குழிக்குள் இறங்கி, முழங்காலளவு சேற்றில் கையை விட்டுத் துழாவினார். வெகுநேரம் துழாவினார். பிறகு ஏறி வந்து எங்கள் எல்லாரையும் ஒருதரம் பார்த்தார். லைனே அங்கே நின்றிருந்தது. பிள்ளைகள் ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. என் மடியில் ஐந்து கல் இருந்தது.

"கல்லு கொறச்சலாப் போட்டுட்டனுங்க. என் தப்புதானுங்க" என்றார்.

எனக்கு உயிர் வந்தது. அப்படியானால் மாமாதான் குறைவாகப் போட்டிருக்கிறார், அதற்கு நான் என்ன செய்வேன்! ஒழுங்காகப் போட்டிருக்கக் கூடாதா என்று அவர்மேல் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

குழியை மூடிவிட்டார்கள். அடுத்த மழைக்கு மைதானத்துத் தண்ணீர் ரோட்டோரப் பள்ளத்தில் ஓடியது. கிணறு தெளிந்தபோது பழைய உப்பும் திரும்பியது. குடத்தைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக் கிணற்றுக்கு நடந்தவர்களில் அத்தையும் ஒருத்தி. மாமாவை மில்லுக்குள் பஞ்சு உதறுகிற இடத்துக்கு மாற்றினார்கள். சங்கு ஊதினால் அவரும் உள்ளே போனார். புருவத்திலும் மீசையிலும் பஞ்சோடு வெளியே வருவார். இரண்டு வருஷத்தில் இருமல் பிடித்துக்கொண்டது, அது கடைசிவரை அவரை விடவில்லை. நான் வாய் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

மேனேஜர் வந்துபோன அன்று சாயங்காலம் நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. நான் எங்கள் வாசலில் தனியாக ஆடிக்கொண்டிருந்தேன். மாமா வந்து எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கைவிரல் இடுக்கில் சேறு காய்ந்திருந்தது.

"மாமனுக்கும் ஒரு ஆட்டம் குடுங்க அம்மணி."

கற்களை ஒவ்வொன்றாக எடுத்து, உள்ளங்கையில் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். வீசிப் பிடிக்கத் தெரியவில்லை, எல்லாவற்றையும் நழுவவிட்டார். நான் கைகொட்டிச் சிரித்தேன். சிதறிய கற்களைத் தேடிப் பொறுக்கி, ஐந்தையும் என் கையில் வைத்து விரல்களை மூடினார்.

"பத்தரமா வெச்சுக்குங்க கண்ணு" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

பெரியவர்கள் யாரும் என்னோடு அதுவரை அஞ்சாங்கல் ஆடியதில்லை. மாமாவையே தோற்கடித்துவிட்டேன் என்று மறுநாள் காலரிப் படியில் எல்லாரிடமும் சொன்னேன்.